எழுந்திருப்பதைப் பார்த்திருக்கிறீர்களா

ஒருவர் உட்கார்ந்த இடத்தை விட்டு எழாமல் வேலை செய்கிறார் என்றால் அது மன உறுதியா, எழுந்திருக்க முடியாமையா? பக்கத்தில் இருப்பவருக்கு அது எப்படித் தெரியும்? பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருக்கோடியில் இருந்த பெரியம்மாவை நினைக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வி வருகிறது.

அவர் எனக்கு உறவில்லை. கல்யாணமாகி இந்தத் தெருவுக்கு வந்த புதிதில் மரியாதையாக இருக்கட்டும் என்று, பாட்டி என்ற பொருளில், ஆயா என்று கூப்பிட்டுவிட்டேன். அவர் தலையை நிமிர்த்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"யாருக்கு ஆயா? எனக்குப் பல்லு முழுசா இருக்குது. பெரீம்மான்னு கூப்டு."

தெருவில் எல்லாருக்கும் அவர் பெரியம்மாதான். அறுபதைத் தாண்டியவர். கணவர் இல்லை, பிள்ளைகள் இல்லை. தறி நெய்யும் தம்பியின் குடும்பத்தோடு ஒரே வீட்டில் இருந்தார். அவர் வேலை பாவு பிணைப்பது; பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள். தறியில் ஒரு பாவு நெய்து தீர்ந்ததும் புதுப் பாவை ஏற்ற வேண்டும். தறியிலே மிச்சமிருக்கும் பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புதுப் பாவின் இழை ஒன்றைச் சேர்த்து முறுக்கிவிட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள், தலைமுடியைவிட மெல்லியவை. இழை வழுக்காமல் இருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, வலது ஓரத்தில் ஆரம்பித்தால் இடது ஓரம் வந்துதான் நிறுத்துவார். என் மாமனார் வீட்டிலேயே தறி போட்டிருந்ததால் பாவு தீரும்போதெல்லாம் எங்கள் வீட்டுக்கு வருவார்.

பெரியம்மா பாதியில் எழுந்திருக்க மாட்டார். அவரைப் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் சொல்வது இதைத்தான்.

ஒரு முறை பங்குனி உத்திரத்தை ஒட்டிச் சாமி எங்கள் தெரு வழியாக வந்தது. என் மாமியார் கற்பூரத் தட்டோடு வாசலுக்கு ஓடினார். மாமனார் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு பின்னால் போனார். நாகஸ்வரம் வீட்டு வாசலிலேயே கேட்டது. பெரியம்மா மட்டும் தறிக்கு முன்னால் உட்கார்ந்தபடி இருந்தார்.

"பெரீம்மா, சாமி நம்ம வாசல்ல நிக்குது" என்றேன்.

"நிக்கட்டும்மா. அவரத் தூக்க அத்தினி பேரு வந்துக்கினு இருக்காங்க. என்ன யாரு தூக்கறது?"

இழையை விடாமல் அப்படியே வாசல் பக்கம் கையைக் குவித்துக் கும்பிட்டார். திரும்பி வந்த மாமியாரிடம் நான் இதைச் சொன்னதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அது பல நாள் எங்கள் வீட்டில் ஓடிய சிரிப்பு.

சண்டை போட்டாலும் அப்படித்தான். ஐயம்பேட்டை போகும் ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் அவரை ஏற்றிக்கொள்ளாமல் வண்டியை எடுத்துவிட்டார். மறுநாள் பெரியம்மா அதே இடத்தில் போய்க் காத்திருந்து, "நேத்து நீ பாதியில பூட்ட. மீதியக் கேட்டுட்டுப் போ" என்று நிறுத்தி வைத்துத் திட்டினார். அந்த ஆள் மன்னிப்புக் கேட்டு, இறங்கி வந்து, கையைப் பிடித்து ஏற்றப் போனார். பெரியம்மா கையை உதறிவிட்டு நடந்தே போனார். அவர் ஏற நேரம் எடுத்துக்கொண்டார், அதனால்தான் வண்டி முதல் நாள் நிற்காமல் போனது என்பது எனக்கு அப்போது தெரியாது. தெரிந்தவர்கள் யாரும் அதைக் கதையில் சேர்த்துச் சொல்லவில்லை.

அவரிடம் இன்னொரு வழக்கமும் உண்டு. கடைசி இழையை முறுக்கியதும் மோர் கேட்பார். "கண்ணு, ஒரு டம்ளர் மோரு எட்தா. உப்பு கொஞ்சமாப் போடு." நான் சமையலறைக்குப் போய்க் கலந்து எடுத்துவருவதற்குள் எழுந்து நின்றிருப்பார். ஒரு கை தறி மரத்தின் மேல் இருக்கும். மூச்சு மட்டும் கொஞ்சம் வாங்கும். மோர் இல்லாத நாளில், "வாசல்ல யாரோ கூப்ட்ற மாதிரி இருக்குது, பாரு" என்பார். போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். நான் இயல்பிலேயே பயந்தவள். கதவு தாழ்ப்பாளை இரண்டு முறை பார்ப்பேன், குழந்தை தூங்கினால் மூக்கின் கீழ் விரல் வைத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட எனக்கும் அதில் எதுவும் உறுத்தவில்லை.

என் மகள் பிறந்து சில மாதங்கள் ஆகியிருந்தபோது பக்கத்துக் கல்யாண மண்டபத்தில் நெசவாளர்களுக்கு மருத்துவ முகாம் நடந்தது. பெரியம்மா இடுப்பு வலிக்கு மாத்திரை வாங்கலாம் என்று போனார். ரத்தம் எடுத்தார்கள். சில நாள் கழித்துத் தம்பி அந்தத் தாளை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார், நான் பட்டம் படித்தவள் என்பதால். ஈரல் பரிசோதனை என்ற தலைப்பின் கீழ் ஒரே ஒரு எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அல்கலைன் பாஸ்பேட்டேஸ் என்ற நொதி இருக்க வேண்டிய அளவைவிட நன்றாகவே கூடியிருந்தது. மற்றவை எல்லாம் சரி. ஓரத்தில் மருத்துவரைப் பார்க்கவும் என்று யாரோ எழுதியிருந்தார்கள்.

"ஈரல்ல கோளாறுன்னு போட்டிருக்குதாம்மா?" என்றார் தம்பி.

"ஈரல் சம்பந்தமான ஒண்ணு கூடியிருக்குது. டாக்டரப் பாக்கச் சொல்றாங்க."

பின்னாலேயே வந்திருந்த பெரியம்மா வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதெப்டி? சாயங்காலம் ஆனா ஊத்திக்கினு வர்றது இவன். ஈரல் கெடறது எனக்கா?"

"கூடப் பொறந்த பாசம்க்கா" என்றார் தம்பி. "என்னுதையும் சேத்து நீயே வாங்கிக்கின."

ஈரல் என்றால் எங்கள் பக்கம் இரண்டே அர்த்தம். ஒன்று குடி, இன்னொன்று மஞ்சள் காமாலை. பெரியம்மா குடிக்காதவர். ஆகவே அது காமாலை. தம்பி அன்றே முசரவாக்கத்தில் பச்சிலை கொடுக்கும் ஒருவரிடம் அழைத்துப்போனார். கீழாநெல்லி அரைத்த உருண்டையும் ஒரு மண்டலப் பத்தியமும் சொல்லி அனுப்பினார்கள். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது. பால், முட்டை, மீன் எதுவும் கூடாது. வெயிலில் தலை காட்டக் கூடாது. பெரியம்மாவுக்குக் கண்ணும் மஞ்சளாக இல்லை, நகமும் மஞ்சளாக இல்லை. ஆனாலும் ஆரம்பித்துவிட்டார். ஆரம்பித்தால் என்ன ஆகும் என்றுதான் தெரியுமே.

நான் கைப்பேசியில் அந்த நொதியின் பெயரைப் போட்டுத் தேடினேன். தேடியது தப்பு. படித்த ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிய வியாதியாக இருந்தது. மகளுக்குத் தடுப்பூசி போடப் போனபோது, அந்தத் தாளை நான் எடுத்திருந்த படத்தை அங்கிருந்த பெண் மருத்துவரிடம் தயங்கித் தயங்கிக் காட்டினேன். இது என் வேலையா, அடுத்த வீட்டு விஷயத்தில் தலையிடுகிறேனா என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போயிருந்தேன்.

அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "மத்ததெல்லாம் நார்மல். இது மட்டும் ஜாஸ்தி. என்ன வேலை செய்றாங்க?"

சொன்னேன். காலையிலிருந்து சாயங்காலம் வரை வீட்டுக்குள், தரையில்.

"இந்த நொதி ஈரல்ல மட்டும் இல்லம்மா, எலும்புலயும் இருக்கு. ஈரல் டெஸ்ட்ல வர்றதால எல்லாரும் ஈரல்னே நினைச்சுக்கிறாங்க. இந்த வயசுப் பொம்பளைங்களுக்கு இது தனியா கூடியிருந்தா எலும்பையும் பாக்கணும். ஜி.ஜி.டி.ன்னு இன்னொரு டெஸ்ட் இருக்கு. அது எலும்புலருந்து வராது. அது கூடியிருந்தா ஈரல். அது சரியா இருந்து இது மட்டும் ஜாஸ்தின்னா பெரும்பாலும் எலும்பு. ஈரல்ல கோளாறு இருந்தாலும் எலும்பு மெலியும். எப்படிப் பாத்தாலும் விட்டுவைக்கக் கூடாது. ஒரு சின்ன வழுக்கல் போதும், இடுப்பெலும்பு உடைய."

பிறகு கேட்டார்: "தரையிலருந்து எழுந்திருக்கக் கஷ்டப்படுறாங்களா?"

"இல்லங்க. எத்தன மணி நேரமானாலும் அப்படியே உக்காந்திருப்பாங்க. எழுந்திருக்கவே மாட்டாங்க" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

அவர் சிரிக்கவில்லை. "அவங்க எழுந்திருக்கிறத நீங்க பாத்திருக்கீங்களா?"

எனக்கு மோர் டம்ளர் ஞாபகம் வந்தது. யாருமில்லாத வாசல் ஞாபகம் வந்தது. குழந்தை மடியில் அழுதுகொண்டிருந்தது. பார்த்ததில்லை என்று சொன்னேன்.

அடுத்த முறை அவர் எங்கள் வீட்டுக்கு வந்தபோது பத்தியத்தில் பாதிகூட முடியவில்லை. முகம் சுண்டிப் போயிருந்தது. வேலை மட்டும் எப்போதும்போலச் சுத்தமாக நடந்தது. மாமியார் கடைக்குப் போயிருந்தார். கடைசி இழை முடிந்தது. விரலில் இருந்த சாம்பலைப் புடவையில் துடைத்துக்கொண்டார்.

"கண்ணு, ஒரு டம்ளர் மோரு எட்தா. உப்பு போடாம."

நான் மகளை மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தேன். எழவில்லை.

"பாப்பா இப்பத்தான் கண்ண மூடுச்சு, பெரீம்மா. நீங்க எழுந்து வாங்க, ரெண்டு பேரும் போய்க் குடிப்போம்."

"சரி, இருக்கட்டும். வாசல்ல யாரோ கூப்ட்றாங்க பாரு."

"யாரும் கூப்புடல."

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொள்ளவில்லை. எப்படி அந்தத் துணிச்சல் வந்தது என்று எனக்குத் தெரியாது. தறி மரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"போக மாட்டே இல்ல?"

"மாட்டேன்."

"படிச்சவளுக்குப் பிடிவாதத்தப் பாரு."

பிறகு எழுந்தார். நீட்டிய காலை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்து மடக்கினார். பக்கவாட்டில் சாய்ந்து முட்டிபோட்டு, குழந்தை தவழ்கிற மாதிரி தறி வரைக்கும் போனார். மரத்தை இரண்டு கையாலும் பற்றி, ஒரு கையைத் தொடைமேல் ஊன்றி, உடம்பை மேலே தள்ளினார். ஒருமுறை முடியாமல் மறுபடி முட்டி தரையில் பட்டது. நான் குழந்தையைக் கீழே கிடத்திவிட்டு ஓடப் பார்த்தேன். "வராத" என்றார். நான் போகவில்லை. அடுத்த முறை நின்றுவிட்டார். நெற்றியெல்லாம் வேர்வை.

"பாத்துட்ட இல்ல. போய் ஊரெல்லாம் சொல்லு."

"ஊருக்குச் சொல்லல. டாக்டருக்குச் சொல்லணும். வாங்க, நாளைக்கே போலாம்."

"மண்டலம் முடியட்டும்."

மருத்துவர் சொன்னதையெல்லாம் சொன்னேன். இது காமாலையாகத் தெரியவில்லை, எலும்பாக இருந்தால் பாலையும் முட்டையையும் வெயிலையும் நிறுத்துவது இன்னும் கேடுதான் என்றேன். அவர் கேட்டார், தலையாட்டினார், பிறகும் அதையே சொன்னார். "ஆரம்பிச்சுட்டேன்மா. பாதியில வுட்டா நல்லதில்ல."

நான் செய்தது இதுதான். மாமனாருக்கு அடுத்த பாவு வரவிருந்தது. பெரியம்மா மருத்துவர் சொன்ன அந்த இன்னொரு ரத்தப் பரிசோதனையைச் செய்துகொண்டு வரும்வரை அவரைக் கூப்பிட வேண்டாம், வேறு யாரையாவது வைத்துக்கொள்ளுங்கள் என்று மாமியாரிடம் சொன்னேன். வந்து சில வருஷம்தான் ஆன மருமகள், அதுவரை என்ன சமைப்பது என்பதைக்கூடக் கேட்டுத்தான் செய்தவள்.

"பொழப்புல கை வெக்கலாமா கண்ணு? நம்ம வூட்டுப் பாவ அவங்க தவிர யாரு தொட்டிருக்காங்க?"

"வெக்கக் கூடாதுதான் அத்தை. விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யார் வீட்டுப் பாவையும் தொட முடியாதே."

மாமியார் முறத்தில் இருந்த அரிசியைப் புடைத்து முடித்தார். பிறகு, "நானே சொன்னேன்னு சொல்லிக்கோ. உம்மேல பழி வரக் கூடாது" என்றார். நான் ஒத்துக்கொள்ளவில்லை. நானே போய்ச் சொன்னேன். பெரியம்மா கதவைச் சாத்திக்கொண்டார்.

அதற்குப் பிறகு என்னோடு பேசுவதை நிறுத்தினார். எங்கள் வாசலைத் தாண்டும்போது தெருவின் மறு ஓரமாகப் போனார். மற்ற வீடுகளுக்கு வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தார். புதுப் பாவைப் பிணைக்க வேறொருவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நன்றாகத்தான் செய்தார். நான் சமையலறையிலேயே இருந்தேன். தினமும் காலையில் பெரியம்மா வீட்டுக் கதவு திறக்கிறதா, தம்பி அவசரமாக ஓடிவருகிறாரா என்று பார்ப்பேன். செய்தது சரியா என்று கணவரைக் கேட்டால், "செஞ்சுட்டு ஏன் கேக்கற?" என்பார். கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஒரு நாள் காலை, நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"முட்ட துன்னேன்."

திரும்பினேன். வெயிலில் நின்றிருந்தார்.

"பத்தியம் முடிஞ்சுதா?"

"இல்ல. வுட்டுட்டேன். பாதியில. யாருகிட்டயும் சொல்லாத." கொடியில் கிடந்த துணியின் ஓரத்தை இழுத்துவிட்டார். "நேத்து வேலைக்குப் போன வூட்ல நான் எழுந்துக்கறதுக்குள்ள மோரு வந்துட்சி. அந்த வூட்டுப் பொண்ணுக்குக் கால் வேகம். பாத்துட்சி. அய்யோ பாவம்னுட்சி. நீயாவது அது சொல்லல."

அன்றே போனோம். பரிசோதனை முடிவு வந்தது. ஈரலில் குறையில்லை. எலும்புதான். வெயிலில் கிடைக்கும் சத்து உடம்பில் இல்லவே இல்லை என்றார் மருத்துவர். எலும்பின் அடர்த்தியை அளக்கும் ஸ்கேன் எடுத்ததில் இடுப்பெலும்பும் மெலிந்திருந்தது. பெரியம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரே கேள்வி கேட்டார்: "எப்ப முடியும்?" மாத்திரை பல மாதம், வெயிலும் சாப்பாடும் எப்போதும், தரையில் உட்காராமல் உயரமாக உட்கார வேண்டும், நடுநடுவே எழுந்து நடக்க வேண்டும் என்றார் மருத்துவர்.

"நடுவுல எழுந்துக்கணுமா?"

"கண்டிப்பா."

தம்பி பலகை அடித்து ஒரு பெஞ்சு செய்தார். பாவைக் கொஞ்சம் உயர்த்திக் கட்டினால் பெஞ்சில் உட்கார்ந்தே பிணைக்கலாம் என்று மாமனார் செய்து காட்டினார். முதல் நாள் பெரியம்மா அதில் உட்கார்ந்து, பஸ்ஸில் இடம் கிடைக்காதவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. பாதியில் எழுந்து தெருவில் வெயில் விழும் இடமாகப் பார்த்துக் கோடிவரை நடந்துவிட்டு வருவார். அவரைத் தெரிந்தவர்கள் சும்மா விடுவார்களா.

"இன்னா பெரீம்மா, பாதியில எழுந்துட்ட?" என்பார்கள்.

"டாக்டரு ஒரு வேல குட்த்துக்கீறாங்க. அத முடிச்சுக்கினு இருக்கேன்" என்பார்.

அதற்கடுத்த பங்குனி உத்திரத்தில் சாமி தெருவுக்கு வந்தபோது அவர் எங்கள் வீட்டில்தான் வேலையாக இருந்தார். இழையை விட்டு, பெஞ்சில் கை ஊன்றி எழுந்து, எங்கள் எல்லாருக்கும் பின்னால் வாசலுக்கு வந்தார். யாரோ கழுவிவிட்ட தண்ணீரில் கால் வழுக்கி உட்கார்ந்தபடி விழுந்தார். நாகஸ்வரம் காதில் விழவில்லை எனக்கு. "வராத" என்றார் மறுபடியும். இந்த முறை நான் கேட்காமல் பக்கத்தில் போய்க் குனிந்தேன். மெதுவாக முட்டிபோட்டு, என் தோளைப் பிடித்து, எழுந்து நின்றார். எதுவும் உடையவில்லை. மாத்திரை என்றார் தம்பி. சாமி என்றார் மாமியார். எனக்குத் தெரியவில்லை. அவர் முதன்முதலாக என்னைப் பிடித்துக்கொண்டு எழுந்தார் என்பது மட்டும் தெரியும்.

பிறகு தம்பி மகளுக்கு ஆரணியில் கல்யாணமாகி, அங்கேயே தம்பிக்கு வேலையும் கிடைக்க, பெரியம்மாவும் சேர்ந்து குடும்பமாகப் போய்விட்டார்கள். பெஞ்சையும் எடுத்துப் போனார்கள்.

இப்போது ஏன் இதை எழுதுகிறேன் என்றால், போன மாதம் என் மாமியாருக்கு ரத்தப் பரிசோதனை செய்தோம். அதே நொதி, அதே தடித்த எழுத்து. தாளை நீட்டினேன். "எனக்கு ஒண்ணும் இல்ல கண்ணு, கொஞ்சம் அசதி" என்று மடித்து அலமாரியில் வைத்துவிட்டார். கொஞ்ச நாளாகவே சமையலறையில் தரையில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறார். உட்கார்ந்தே எல்லாம் செய்து முடிக்கிறார். வேலை முடிந்ததும், "வாசல்ல பாப்பா கூப்ட்ற மாதிரி இருக்குது, பாரு" என்கிறார். என் மகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள்.

பெரியம்மாவிடம் செய்ததை இவரிடம் செய்ய முடியாது. இது அவர் வீடு, அவர் அடுப்பு. அவரிடமிருந்து எந்த வேலையை நான் நிறுத்திவைப்பேன்? எதிரில் உட்கார்ந்துகொண்டு, எழுந்திருங்கள் பார்ப்போம் என்று சொன்னால் அன்று அவர் எனக்காகப் பழியேற்க வந்ததற்கு அதுதான் பதிலா? சொல்லாமல் விட்டால் அது மரியாதையா, பயமா?

இதைப் படிக்கிறவர்களில் யாராவது உங்கள் அம்மாவையோ மாமியாரையோ, அவர் மறைத்துவைத்த ஒன்றை அவரே சொல்லும்படி செய்திருந்தால், எந்த வார்த்தையில் ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள். மருத்துவரிடம் நாள் வாங்கிவிட்டேன். அதை ரத்து செய்யப் போவதில்லை. அதற்குள் ஒரு நாள் அவர் என்னை வாசலுக்கு அனுப்புவார். அன்று நான் போக மாட்டேன். அந்த நேரத்தில் முதலில் என்ன சொல்வது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.